கல்லில் வைத்த கண்ணாடி

ஜூன் 8, ஞாயிறு

மதி இன்று செல்போனில் ஒரு படம் காட்டினாள். ஒரு கண்ணாடித் தகடு. அதன் ஓரத்தில் ஓர் ஊசி தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து வெடிப்பு ஒன்று கிளம்பி ஓடுகிறது. முப்பது வருடமாகத் தென்காசியில் கண்ணாடி விற்கிறேன். உடைந்த கண்ணாடியை லாரி லாரியாகப் பார்த்தவன். ஆனால் வெடிப்பு ஓடுவதை இன்றுதான் பார்த்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் காரியம் அது, யார் பார்த்திருக்க முடியும்?

"எவ்வளவு வேகம்னு நெனைக்கிய?" என்றாள்.

"தோட்டா வேகம் இருக்குமா?"

"தோட்டாவ முந்திரும்பா. நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டர். நம்ம கடையில கெளம்புனா, நீங்க நாலு எண்ணுறதுக்குள்ள குத்தாலம் அருவியில நிக்கும்."

வெடிப்பு முதலில் ஒற்றைக் கோடாகப் போகிறது. பிறகு இரண்டாகிறது. அந்த இரண்டும் பிரிகின்றன. கடைசியில் இலையில்லாத மரம் மாதிரி ஆகிவிடுகிறது. ஏன் பிரிகிறது என்று கேட்டேன்.

"ஒரு அளவுக்கு மேல அதால வேகமா ஓட முடியாதுப்பா. ஆனா தள்ளுற பலம் கூடிக்கிட்டே வருது. மிச்ச பலத்த வச்சிக்கிட்டு அது என்ன செய்யும்? ரெண்டாப் பிரிஞ்சிரும். பக்குவமா உடைச்சா ஒத்தக் கோடு. பலம் கூடிப்போச்சுன்னா கிளை."

திருநெல்வேலியில் எம்.இ. படிக்கிறாள். பாடமே பொருள்கள் உடைவதைப் பற்றியது. உடைப்பதற்குப் போய் ஒரு படிப்பா என்று ராசக்கனி இன்னும் முனகுகிறாள். பெற்றவளுக்கு அந்த உரிமை உண்டு.

எனக்கு இதில் ஒரு விஷயம் பழசு. கண்ணாடியை யாரும் வெட்டுவதில்லை. சக்கரத்தால் ஒரு கோடு போடுகிறோம், அவ்வளவுதான். அடியில் ஒரு தட்டு தட்டினால் அது தானே உடைந்துகொள்கிறது. நமக்கு வேண்டிய வழியில் அதை உடைய வைப்பதுதான் தொழில். அந்த வித்தையில் என்னைவிட என் அக்கா புருஷன் தவசி அத்தான் கெட்டிக்காரர். நான் கடையில் உட்கார்ந்து ஆர்டர் பிடிப்பேன், அவர் பட்டறையைப் பார்ப்பார். சைக்கிளில் கண்ணாடி கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அவர் மகன் சிவபாலன் மதியைப் பார்க்கும்போது கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறான். எங்கே கை வைத்துத் தூக்குவது என்று யோசிக்கிறவனைப்போல.

ஜூன் 11, புதன்

குலசேகரன் அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நான்கு மாடியில் ஜவுளி மாளிகை கட்டுகிறார். முகப்பு முழுவதும் கண்ணாடி. வாசலுக்கு ஒரு பெரிய கதவு, பன்னிரண்டு மில்லி, டஃபன், அதாவது காய்ச்சி இறுக்கிய கண்ணாடி. இந்த ஊரில் இவ்வளவு பெரிய வேலை இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

வேலையைப் பேசி முடித்துவிட்டு, காபி வந்தபோது சொன்னார்: "ஆதிமூலம், ஒம்ம பொண்ண ஒரு கல்யாணத்துல எங்க வீட்டம்மா பாத்துருக்கா. நம்ம பையன் ஹரீஷுக்குக் கேக்கச் சொல்லுதா. என்ன சொல்லுதீரு?"

காபி சூடாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "நம்ம புள்ள, அண்ணாச்சி. நான் என்ன சொல்லப்போறேன்?" என்றேன்.

"சொந்தத்துல எதுவும் பேச்சு வார்த்தை உண்டும்னு சொன்னாவ."

"அது சின்னப்புள்ளையில சும்மா சொல்லிக்கிடுறது."

சும்மா சொன்னதுதான். மதிக்குக் காது குத்தும்போது அக்கா மடியில்தான் உட்கார வைத்தோம். அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "எம் மருமகள அழவைக்காதிய" என்றாள். நான் சிரித்தேன். ஊரே சிரித்தது. சிரிப்பெல்லாம் வாக்காகிவிடுமா?

ஜூன் 12, வியாழன்

ராசக்கனியிடம் சொன்னேன். "உங்க அக்காட்ட யாரு சொல்லுவா?" என்று மட்டும் கேட்டாள். ராத்திரி ரசத்தில் உப்பில்லை.

ஜூன் 20, வெள்ளி

சாரல் ஆரம்பித்துவிட்டது. லாரியில் வந்த பெட்டிகளில் ஈரம். தாளெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

பட்டறையில் ஒருவன் கண்ணாடியில் கோடு போட்டுவிட்டு உடைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டான். அத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏல, கோடு போட்டா அப்பவே ஒடச்சிரணும்னு எத்தன வாட்டிச் சொல்லுதேன்? ஆறுன கோடு ஒன் பேச்சக் கேக்காது. ஒம் பொண்டாட்டி மாதிரி அது இஷ்டத்துக்குப் போவும்."

"அப்ப ஒங்க வீட்டுல எங்க அத்தையும் அப்படியா, மாமா?" என்று அவன் கேட்டான். அவனும் தூரத்துச் சொந்தம்தான். பட்டறையே சிரித்தது.

"ஒங்க அத்தை கோடே போடவிட மாட்டா" என்றார் அத்தான். என்னைப் பார்த்து, "என்ன மாப்ள, மொகம் வாடிக் கெடக்கு? ஆவணியில நல்ல நாள் நெறைய இருக்கு. புள்ளைகளப் பத்தி ஒரு பேச்சுப் பேசிரலாமுல்ல?" என்றார்.

"பேசலாம், பேசலாம். மாளிகை வேலை முடியட்டும்" என்றேன்.

எனக்கு இப்போது தேவை ஒரு காரணம். பெரிதாக வேண்டாம். சொந்தம் வேறு, தொழில் வேறு என்று சொல்லிப் பிரியும் அளவுக்கு ஒன்று. வாக்கு மாறினான் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. அத்தானே தலை குனிந்து ஒதுங்கிப் போனால் எல்லாருக்கும் மரியாதை. அக்காவுக்கு அழுகை வரும். வந்தால் நிற்கும். ஒற்றைக் கோடு, சுத்தமாக.

ஜூலை 11, வெள்ளி

ஆடி பிறப்பதற்கு முன் முடிக்க வேண்டுமென்று மாளிகையில் இன்று கணபதி ஹோமம் செய்தார்கள். மேல் மாடியில் இன்னும் பூச்சு வேலை நடக்கிறது. அதனாலென்ன, ஹோமம் ஹோமம்தான். வாசல் கறுப்புக் கிரானைட்டில் முகம் தெரிகிறது.

குலசேகரன் அண்ணாச்சியின் வீட்டம்மா வடிவு அக்கா எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "இனிமே யாரா இருந்தாலும் செருப்பு வெளியதான். கொத்தனும் சரி, கலெக்டரும் சரி."

கொத்தனார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "கலெக்டருக்குச் சாந்து ஒட்டாது" என்றார்.

பிரசாதம் இரண்டு பொட்டலம் கேட்டு வாங்கினேன். ஒன்று அக்கா வீட்டுக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்

காலையில் வெயில், மத்தியானம் தூறல். பல் வலி இருந்தும் டாக்டரிடம் போகவில்லை.

இன்று கதவு மாட்டினோம். டஃபன் கண்ணாடியைச் சூளையில் காய்ச்சிக் காற்றடித்து இறுக்குவார்கள். மதுரையிலிருந்து வருகிறது. வந்த பிறகு அதில் சக்கரம் போட முடியாது, துளை போட முடியாது. நடுவில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். ஆனால் மூலையில் உயிர். மூலை கல்லில் உரசி உள்ளே வரைக்கும் சில்லு போனால் அந்த நொடியே மொத்தமும் பொரிந்துவிடும். பாதி வரைக்கும் போனால் காத்திருக்கும். ஒரு நாளோ ஒரு மாதமோ, அதன் இஷ்டம்.

அதனால்தான் எங்கள் ஆட்கள் கண்ணாடியை இறக்கும்போது காலில் கிடக்கும் ரப்பர்ச் செருப்பைக் கழற்றி அதன் மேல் நிறுத்துவார்கள். "கட்டை கொண்டு போனா மறந்துரும். காலு மறக்காது" என்பார் அத்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு நிற்க, கண்ணாடி செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த வாசலில் செருப்பு கிடையாது. எல்லாம் படிக்குக் கீழே குவியலாகக் கிடந்தன. கதவை நான்கு பேர் தூக்கி வந்தார்கள். அத்தானும் சிவபாலனும் முன்னால். வாசல் கல்லுக்கு வந்ததும் பிடியை மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு கணம் கீழே வைக்க வேண்டும். எட்டுக் கையும் கண்ணாடியில்.

"அப்பா, கீழ ஒண்ணும் இல்ல" என்றான் சிவபாலன்.

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். "மாப்ள, வைக்கலாமா?" என்றார். பின்னால் ஒருவனுக்குக் கை வழுக்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. பக்கத்தில் கல் அறுக்கும் சத்தம். தலையை ஆட்டியிருப்பேன். தோளில் துண்டு இருந்தது, உண்மைதான். புதுத் துண்டு, ராசக்கனி ஆடித் தள்ளுபடியில் எடுத்தது.

கைப்பிடிப் பக்கத்து மூலை முதலில் இறங்கியது. பல்லி சொன்ன மாதிரி ஒரு சத்தம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பிடியை மாற்றித் தூக்கி மாட்டிவிட்டார்கள். கதவு விரலால் தொட்டால் திறக்கிறது. வேலை அருமை.

அவர்கள் சாப்பிடப் போனபிறகு குனிந்து பார்த்தேன். மூலையில் ஒன்றுமில்லை. கடுகு அளவில் ஒரு சில்லு, அதுவும் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்தால்தான் தெரியும்.

சாயங்காலம் மதுரைக்குப் போன் போட்டு அதே அளவில் இன்னொரு கதவு சொல்லி வைத்தேன். பெரிய வேலையில் கைவசம் ஒன்று இருப்பது நல்லது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாளிகைப் பக்கம் போனேன். கதவு நிற்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். எதிர்ச் சாரியில் டீ குடித்தேன். கதவு நிற்கிறது. வாட்ச்மேன் அதில் முகம் பார்த்து மீசை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

பல் பிடுங்கினேன். வலி ஒன்றும் இல்லை. திரும்பி வரும் வழியில் மாளிகை. கதவு நிற்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதுரை லாரி வந்தது. சிவபாலன் இறக்கினான். "எதுக்கு மாமா இன்னொரு கதவு?" என்று கேட்டான்.

"கைவசம் இருக்கட்டும்."

"நாம எப்பவும் டஃபன்ல உபரி எடுக்குறதில்லையே."

"நீ எப்பவும் கேள்வி கேக்குறதில்லையே" என்றேன். சிரித்துவிட்டான். சிரித்தாலும் அந்தக் கண்ணாடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

அது சரக்கு வைக்கும் கிட்டங்கியில் மூலையில் நிற்கிறது. அடியில் இரண்டு செருப்பு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குலசேகரன் அண்ணாச்சி போன் செய்தார். இருபத்தெட்டாம் தேதி திறப்பு விழா. அன்றைக்கே, அங்கேயே, சின்னதாகத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று வடிவு அக்காவுக்கு ஆசையாம். வாசலில் மருமகள் கையால் கதவு திறக்க வேண்டுமாம்.

நான் நினைத்தது வேறு. கதவு ஆளில்லாத நேரத்தில் போயிருக்க வேண்டும். கூட்டித் தள்ளிவிட்டுப் புதியது மாட்டியிருப்போம். அத்தானிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் ஒதுங்கியிருப்பார். அதற்குத்தான் இத்தனை நாள் பொறுத்தது.

இன்னும் நாலு நாள் இருக்கிறது. கதவை மாற்றிவிடலாம், அரை நாள் வேலை. ஆனால் என்ன சொல்லி மாற்றுவது? நன்றாக நிற்கிற கதவை எதற்குக் கழற்றுகிறாய் என்று அத்தான் கேட்பார். குனிந்து பார்ப்பார். அவர் கண் கடுகையும் பார்க்கும்.

தாங்கினது தாங்கும். பதினேழு நாள் நின்ற கதவு.

ஆகஸ்ட் 27, புதன்

மதியிடம் ராசக்கனி சொல்லிவிட்டாள். மதி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள். தெரியும் என்று சொன்னேன்.

அக்கா குடும்பத்தைத் திறப்பு விழாவுக்கு மட்டும் அழைத்திருக்கிறேன். நேரில் பார்த்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

எழுத உட்கார்ந்து வெகு நேரமாகிறது.

காலையில் எல்லாம் சரியாகவே இருந்தது. மேளம், வாழை, கூட்டம். படிக்குக் கீழே ஊர்ச் செருப்பெல்லாம் மலை மாதிரி. உள்ளே முதல் தடவையாக ஏ.சி. போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் நல்ல வெயில், உள்பக்கம் குளிர். வாசலில் ஒரு மேசை. அதில் தட்டுகள்: வெற்றிலை, பழம், பூ, கற்கண்டு.

அக்கா பட்டுப் புடவையில் வந்தாள். கையில் திருநெல்வேலி அல்வாப் பெட்டி. தட்டுகளைப் பார்த்தாள். "கடை தொறக்குறதுக்கு எதுக்குத் தம்பி இத்தன தட்டு?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வடிவு அக்கா மதியைக் கைபிடித்து அழைத்து வந்து, "எங்க வீட்டு மகாலட்சுமி" என்று யாரிடமோ சொன்னாள். அக்கா அல்வாப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் அவள் தோளைத் தொட்டார். சிவபாலன் படி இறங்கிப் போய்விட்டான்.

காரில் ஒரு தட்டு மறந்துவிட்டது. நான் அதை எடுக்க இறங்கினேன். செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குப் போய்த் திரும்பும்போது, வடிவு அக்காவின் குரல்: "ஒங் கையால தொறந்து, வலது காலை எடுத்து வச்சி உள்ள வா மக்கா."

மதி கையை வைத்தாள்.

சரவெடியில் ஒன்று மட்டும் வெடித்த மாதிரி இருந்தது. கதவு இருந்த இடத்தில் கதவு இல்லை. எல்லாம் கொட்டியது. மதி கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விரலிடுக்கில் ரத்தம் வந்தது. மேளம் நின்றது. யாரும் அசையவில்லை. எல்லாருக்கும் வெறுங்கால். சுற்றிலும் கண்ணாடி.

என் காலில் செருப்பு இருந்தது. ஆனால் ஹோமம் செய்த வாசல், செருப்போடு எப்படி ஏறுவது என்று ஒரு கணம் நின்றேன். அந்த ஒரு கணத்தில் அத்தான் ஓடிவிட்டார். வெறுங்காலோடு. சர்க்கரைக்காரர். மதியைத் தூக்கிக்கொண்டு அதே வழியாகத் திரும்பி வந்தார். கறுப்புக் கல்லில் அவர் காலடி ஒவ்வொன்றும் சிவப்பாக விழுந்தது.

கண்ணுக்கு ஆபத்தில்லை. புருவத்தில் ஏழு தையல், உள்ளங்கையில் நான்கு.

ஆஸ்பத்திரி வாசலுக்குக் குலசேகரன் அண்ணாச்சியும் வந்தார். நாலு பேர் சுற்றி நின்றார்கள். ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

"கல்லு மேலயா வச்சிய, அத்தான்?" என்று கேட்டேன். "முப்பது வருச வேலைக்காரன், வெறுங் கல்லு மேலயா கண்ணாடிய வச்சிய?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் காலிலிருந்து சில்லு எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குலசேகரன் அண்ணாச்சியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எந் தப்புதான் மொதலாளி. மாப்ள மேல ஒண்ணும் இல்ல. புள்ள வாழ்க்கையக் கெடுத்துராதிய" என்றார்.

நான் கேட்க நினைத்த வார்த்தைகள்தான். இவ்வளவு லேசாகக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

கைவசம் இருந்த கதவை வேறு ஆட்களை வைத்து மாட்டிக் கொடுத்தேன். வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். கற்கண்டுத் தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தார்கள். அதில் கொட்டிய கண்ணாடியும் கற்கண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். யாராலும் பிரிக்க முடியவில்லை. கடைசியில் தட்டோடு குப்பையில் போட்டார்கள்.

குலசேகரன் அண்ணாச்சி என்னை உட்காரச் சொல்லவில்லை.

"தப்பா நெனைக்காதீரும். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல. ஆனா வீட்டுல பொம்பளைய சொல்லுதாவ, கை வச்சதும் வாசல் போச்சுன்னு. அந்தப் பேச்சோட ஒரு புள்ள எப்படி இங்க வந்து இருக்கும்? ஒம்ம பொண்ணுக்குத்தான் கஷ்டம்."

"கதவு மாட்டுனதுல கோளாறு, அண்ணாச்சி. புள்ள என்ன செஞ்சா?"

"மாட்டுனது யாரு, ஒம்ம ஆளுதானே?"

படிக்குக் கீழே கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 6, சனி

தவசி அத்தான் பட்டறைக்கு வரவில்லை. வலது காலில் சீழ் வைத்திருக்கிறதாம். சிவபாலனும் வரவில்லை. அவர்களாகவே ஒதுங்கிவிட்டார்கள். நான் வேண்டியது இதுதான்.

புது ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொடாமலே ஓட்டுகிறான். கோடு பூரான் மாதிரி வருகிறது.

செப்டம்பர் 15, திங்கள்

கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

நான் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போனேன். அக்கா வாங்கிக்கொள்ளவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்னும் மூன்று விரல். டாக்டர், "மேல ஏறிக்கிட்டே இருக்கு" என்கிறார்.

ஒரு சின்னச் சில்லுதானே. சர்க்கரை உள்ள ஆள் செருப்பில்லாமல் நடக்கலாமா?

அக்டோபர் 5, ஞாயிறு

மதி இன்று பேசினாள். தையல் போட்ட புருவத்தில் முடி முளைக்காமல் ஒரு வெள்ளைக் கோடு. கண்ணாடியில் போட்ட கோடு மாதிரியே.

ஒரு பழைய துணிப்பையை மேசையில் கொட்டினாள். உடைந்த கதவின் துண்டுகள். சிவபாலன் அன்றைக்கே வாரி வைத்திருந்தானாம்.

"ஒவ்வொரு துண்டோட ஓரத்துலயும் வெடிப்பு எந்தப் பக்கமிருந்து வந்துதுன்னு தடம் இருக்கும்பா. பின்னாலயே போனா பொறந்த எடத்துக்குப் போயிரலாம். கைப்பிடிப் பக்கம், கீழ் மூலை" என்றாள். கறுப்புப் பொடி ஒட்டிய ஒரு துண்டைத் தனியாக வைத்தாள். "கிரானைட்."

"அதான் ஒங்க மாமாவே ஒத்துக்கிட்டாவள்லா?"

"ஒத்துக்கிட்டாவ. உங்க தோள்ல துண்டு கெடந்துதாமே?"

"கெடந்துருக்கும்."

"உங்களப் பாத்துக் கேட்டாவளாமே?"

"சத்தத்துல எனக்குக் கேக்கல, மக்கா."

"சரி, கேக்கல. மதுரை பில்லுல ஆர்டர் தேதி ஆகஸ்ட் ஏழுன்னு இருக்கு. அன்னைக்குச் சாயங்காலமே மதுரைக்குப் போன் போட்டு இன்னொரு கதவு எதுக்குச் சொன்னிய? நின்னுக்கிட்டிருந்த கதவுக்கு மாத்துக் கதவு எதுக்கு?"

ராசக்கனி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் கரண்டி. அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது, அவள் திரும்பவில்லை.

"நான் கண்ணாடிய வைக்கவும் இல்ல, தள்ளவும் இல்ல" என்றேன். "ஒரு கோடுகூட நான் போடல."

"நீங்க எதுவும் செய்யலப்பா" என்றாள் மதி. "அதத்தான் மாமா இத்தன நாளா யாருட்டயும் சொல்லாம வச்சிருக்காவ. நீங்க தலைய ஆட்டுனதப் பாத்தவிய அவிய மட்டும் இல்ல, சிவபாலன் அத்தானும் பாத்தாவ. எந் தம்பி பேரு கெட்டுரக் கூடாதுன்னு அத்தை காலப் புடிச்சிக்கிட்டு ரெண்டு பேருட்டயும் சத்தியம் வாங்கிருக்கா. சத்தியத்த மீறி அத்தான் எங்கிட்டச் சொன்னது, மாமா கால எடுக்க நாள் குறிச்ச பெறவுதான்."

துண்டுகளைத் திரும்ப வாரிப் பையில் போட்டாள். ஒன்றும் மேசையில் மிஞ்சவில்லை. அதே கையோடு தன் உடுப்புகளையும் எடுத்து வைத்தாள்.

"எங்க போற?" என்றாள் ராசக்கனி.

"அத்தை ஒத்தையில ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையிறா."

"எப்ப வருவ?"

மதி பையைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். கொஞ்சம் கழித்து ராசக்கனி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் பின்னாலேயே பஸ் நிலையம் வரைக்கும் போனாள். திரும்பி வந்தாள். வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கணுக்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை லீவு. அக்கா வீட்டுக்கு இனிப்பு கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. ஊரெல்லாம் வெடி.

அக்டோபர் 31, வெள்ளி

குத்தாலத்தில் ஒரு கோயிலில் வைத்து மதிக்கும் சிவபாலனுக்கும் கல்யாணம் நடந்ததாம். அத்தானை நாற்காலியில் தூக்கிக்கொண்டு போனார்களாம். ராசக்கனி போயிருக்கிறாள். எனக்குத் தெரியாது. பந்திக்கு வாழையிலை கொடுத்த இலைக்காரர் கடையில் வந்து, "கல்யாணத்துல ஒங்களக் காணுமே?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. வேலை இருந்தது என்றேன்.

வேலை இருக்கத்தான் செய்தது.

நவம்பர் 14, வெள்ளி

கடை முழுவதும் என்னுடையது. பட்டறையும் என் பொறுப்பு. கூட்டு இல்லை, சொந்தத்தின் தொல்லை இல்லை. ஜூனில் நான் நினைத்தது எல்லாம் நடந்துவிட்டது. இத்தனை கிளை விடும் என்று மட்டும் நினைக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மத்தியானம் அக்கா கடைக்கு வந்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு இன்றுதான் அவளாக என் முன்னால் வந்து நின்றது. ஆட்கள் எழுந்து நின்றார்கள். "உக்காருக்கா" என்றேன். உட்காரவில்லை. கையில் ஒரு மஞ்சள் பை.

"அத்தான் எப்படி இருக்காவ?" என்றேன்.

"இருக்காவ. கட்டைக் கால் செய்றவன் அளவு எடுத்துட்டுப் போயிருக்கான். அதுக்குச் செருப்பு வேண்டாமாம்."

பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். வலது கால் ரப்பர்ச் செருப்பு ஒன்று. நீல வார். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. கண்ணாடி நின்று நின்று விழுந்த பள்ளம் குறுக்கே தெரிந்தது. கழுவித் துடைத்துக் கொண்டு வந்திருக்கிறாள்.

"மொதலாளி, இது அவியளுக்கு இனிமே ஆவாது" என்றாள். "கண்ணாடி வைக்க ஒங்களுக்கு ஆவும்."

என்னைப் பெற்றவள் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். இதுவரை என்னை மொதலாளி என்று சொன்னதில்லை.

படி இறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, வேர்வையா, தெரியவில்லை. வெயில் கடுமை.

நவம்பர் 20, வியாழன்

பாவூர்சத்திரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்குக் கதவு. பன்னிரண்டு மில்லி, டஃபன். ஆள் பற்றாக்குறை, நானே கூடப் போனேன். இங்கேயும் புதுக் கட்டடம், இங்கேயும் செருப்பு வெளியே.

பையிலிருந்து செருப்பை எடுத்துக் கல்லில் போட்டேன்.

"இது யாருது அண்ணாச்சி? ஒத்தச் செருப்பு?" என்றான் புது ஆள். கண்ணாடியின் ஒரு மூலையை அதன் மேல் இறக்கிவிட்டுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். "இந்தப் பக்க மூலைக்கு?"

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கீழே போட்டேன்.

பழைய துண்டுதான்.